உட்கார ஓர் அனுமதி

கொரின் பிக்ஸ்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆகஸ்டில் ஒரு வாரம் கடலோரத்தில் உட்கார வேண்டும்.

பிப்ரவரி மாதம். வூஸ்டரில் அன்று காலை முழங்கால் அளவுக்குப் பனி. அவள் கணவன் ஆல்டன் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். கொரின் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக நின்றே வேலை பார்ப்பவள்.

"உட்காரணும். அவ்வளவுதான். கால் தண்ணில படணும். நீ பக்கத்துல இருக்கணும். பேசக் கூடாது."

"நான் எங்க பேசறேன்?"

"போன வருஷம் உப்பளம். அதுக்கு முந்தி கோட்டை. அதுக்கும் முந்தி கல்லறை. ஒரே நாள்ல நாலு கல்லறை, ஆல்டன். முப்பது வருஷத்துல லீவுன்னு நான் உட்கார்ந்ததெல்லாம் கார்லதான்."

ஆல்டனால் மறுக்க முடியவில்லை. அவனுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடும் வேலை. வரலாறு அவனுக்கு வந்த வியாதி. அவர்கள் தெருவின் பழைய தோற்றம் மாறாமல் காக்கும் மரபுக் குழுவுக்கு அவன் செயலாளர். இரண்டு வருடம் முன்பு பக்கத்து வீட்டு மரத்திலிருந்த பறவைக் கூண்டு பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்து இறக்க வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து பேசுவதில்லை. குழு அதை வெற்றி என்று குறிப்பேட்டில் பதிந்திருந்தது.

"சரி. ஒரு வாரம். பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். வாயே திறக்க மாட்டேன்," என்றான். உண்மையாகவே சொன்னான். அவள் கால்கள் மாலையில் வீங்குவதை அவனும் பார்க்கிறான்.

மாசச்சூசெட்ஸில் கடலோர ஊர்களுக்குப் பஞ்சமில்லை. ஆல்டன் வென்னகட்டைத் தேர்ந்தெடுத்தான். கடல் எங்கும் ஒரே கடல்தான். ஆனால் வென்னகட்டில் அது பழைய கடல். இந்தக் காரணத்தை அவன் கொரினிடம் சொல்லவில்லை.

மணலுக்குப் பத்தடி தள்ளி ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் கடிதம் எழுதியிருந்தார். 'சாவி பூந்தொட்டிக்கு அடியில். வெளியே தெரியும்படி எதை வைப்பதானாலும் மரபு ஆணையத்தின் அனுமதி வேண்டும். நான் இதுவரை வாங்கியதில்லை. என் அப்பாவும் முயன்றார்.'

வேறு யாராவதாக இருந்தால் வேறு ஊர் பார்த்திருப்பார்கள். ஆல்டனுக்கு மரியாதை கூடியது. பதினான்கு பக்க விண்ணப்பத்தை மைப் பேனாவால் நிரப்பினான். நன்றாக வடிவமைத்திருக்கிறார்கள் என்று கொரினிடம் காட்டவும் செய்தான்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது.

"பிக்ஸ்பி சாருங்களா? வென்னகட் மரபு ஆணையத்துலேர்ந்து டோரீன். எழுத்தர். 'நாற்காலி, இரண்டு'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. மடக்கு நாற்காலி."

"எங்க வைப்பீங்க?"

"மணல்ல. கடலப் பார்த்து."

"அப்ப பொதுவழிலேர்ந்து தெரியுமே சார்."

"அந்தப் பக்கம் ரோடே இல்லையே."

"கடல் இருக்குல்ல. படகு போகுது. படகு போனா அது பொதுவழி. பொதுவழிலேர்ந்து தெரியற பொருளுக்கு விசாரணை உண்டு. அக்கம்பக்கத்துக்காரங்களுக்குப் பதிவுத் தபால் அனுப்பணும். வடக்க ஒரு வீடு, தெற்க ஒரு வீடு."

"கிழக்க?"

"கிழக்க, கடல் தாண்டினா போர்ச்சுகல். அதுக்கு அனுப்பணுமான்னு தலைவர் யோசிச்சுட்டிருக்கார்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறாளா என்றும் தெரியவில்லை.

"மார்ச் முதல் செவ்வாய், சாயங்காலம் ஏழு மணி. நாற்காலியையும் கையோட எடுத்துட்டு வாங்க."

*

நகர மன்றத்தில் நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். எதிரே முதுகு சாய வழியில்லாத பெஞ்சுகள். தன் வீட்டுக் கதவுக்கு வெள்ளை அடிக்க அனுமதி கேட்ட ஒரு முதியவரின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. எந்த வெள்ளை என்று கேட்டார்கள். சாதாரண வெள்ளை என்றார். அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லி அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

தலைவர் பெயர் ஸ்டர்ஜிஸ். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஒஹாயோவிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறது. மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதிய டோரீனின் குடும்பம் முந்நூறு வருடமாக இதே ஊரில் இருக்கிறது. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

முதலில், ஆல்டன் விண்ணப்பத்தில் சேர்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டார்கள். கடற்கரைக் குடைக்கு ஆறு நிறங்கள் அனுமதி. மிசஸ் வைட்டிங் என்ற உறுப்பினர் அட்டையை நீட்டினார். ஆறும் சாம்பல். மழைச் சாம்பல், பலகைச் சாம்பல், ஞாயிற்றுக்கிழமைச் சாம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆல்டனின் குடை மஞ்சள். அவன் குடையை வாபஸ் வாங்கினான்.

பிறகு நாற்காலி. ஆல்டன் அதைப் பிரித்து மேசை மீது வைத்தான். அலுமினியம் கிறீச்சிட்டது. ஐந்து பேரும் பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஸ்டர்ஜிஸ் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் பிக்ஸ்பி, இந்த ஊரை உண்டாக்கினவங்க சந்தோஷமா இருக்கலாம்னு இங்க வரல. அந்த மரபைத்தான் நாங்க கட்டிக் காக்கறோம். போன வருஷம் இந்தக் கடற்கரைக்கு நூத்திப் பன்னண்டு பேர் வந்தாங்க. இந்த வருஷம் நூறுக்குக் கீழ கொண்டுவந்துடுவோம். நாற்காலிக்கு நாங்க எதிரி இல்ல. அனுமதிக்க முடியாது, அவ்வளவுதான்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் ஆல்டனுக்குத் தெரிந்தவை. கூண்டு என்ற இடத்தில் நாற்காலி. மற்றபடி அவனே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னவை. சொன்னபோது நன்றாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"மர நாற்காலி கொண்டுவரேன். அந்தக் காலத்து நாற்காலி. வீட்ல இருக்கு," என்றான்.

"பொருள் சரி. பயன்பாடு?" என்றார் ஸ்டர்ஜிஸ். "பழைய சட்டம் தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். அதுதான் தொல்லை. அலை ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள மணலில் பொதுமக்கள் கால் வைப்பதற்குக் காலனி நாளிலிருந்து மூன்றே காரணங்கள். மீன் பிடிக்கலாம், பறவை சுடலாம், படகு விடலாம். இதைத் தேனிலவின்போது கொரினுக்கு அவன் முழுதாக ஒப்பித்திருக்கிறான்.

"அதுல உட்கார்றதுன்னு இருக்கா?"

"இல்ல," என்றான் ஆல்டன். பரீட்சையில் சரியான விடை சொன்ன திருப்தி ஒரு கணம் வந்தது.

"கையில ஒரு தூண்டில் வெச்சுக்கலாமே," என்றார் மிசஸ் வைட்டிங், உதவும் குரலில். "இங்க எல்லாரும் நடக்கப் போறப்ப அப்படித்தான். முள்ளுகூட வேண்டாம்."

"என் மனைவி கையில எதையும் பிடிக்க மாட்டா மேடம். இருபத்தாறு வருஷமா கரண்டி பிடிச்சவ."

"அப்ப மடியில வாத்து சுடற துப்பாக்கி?"

ஆல்டன் நாற்காலியை மடக்கினான்.

ஸ்டர்ஜிஸ் கருணையுடன் முன்னால் சாய்ந்தார். "சரி. ஆயிரத்து எண்ணூறுக்கு முந்தி, இந்த ஊர்க் கரையில, ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. அதை முன்னுதாரணமா எடுத்துக்கறோம்."

பக்கத்து ஊரில் நாற்காலி வாடகைக்கே கிடைக்கும். அது ஆல்டனுக்குத் தோன்றவில்லை. படியிறங்கும்போது அவன் மெல்லச் சீட்டியடித்தான். முப்பது வருடத்தில் யாரும் அவனை இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

*

மார்ச் போனது. ஏப்ரல் போனது. சனிக்கிழமைதோறும் ஆல்டன் விடியற்காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வென்னகட் ஆவணக் காப்பகத்துக்குப் போனான்.

"இது ஏழாவது தடவை," என்றாள் கொரின். "நான் இன்னும் கடலையே பாக்கல."

"உனக்காகத்தான போறேன்."

"எனக்கும் சேர்த்து நீ பாத்தியா?"

"இல்ல. காப்பகத்துல ஜன்னல் கிடையாது."

அவள் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பான்கேக்கைப் புரட்டினாள்.

மே மாதம் கிடைத்துவிட்டது. 1761-ஆம் வருடத்துத் தேவாலய ஒழுங்குப் புத்தகம். மெஹிட்டபிள் ரோ, மாலுமி ஒருவனின் மனைவி. வீட்டிலிருந்து நாற்காலி எடுத்துவந்து, நண்பகல் முதல் அந்தி வரை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று அவள் மேல் புகார். சோம்பல் பாவம். சபைக்கு அழைத்து விசாரித்திருக்கிறார்கள். என் கணவன் கடலிலிருந்து வர வேண்டும், வரும்வரை நான் வேறு எங்கே உட்கார்வது என்று அவள் கேட்டிருக்கிறாள். சபை இரண்டு ஞாயிறு யோசித்து அவளை விடுவித்தது.

ஆல்டன் அதை இரண்டு முறை படித்தான். சனிக்கிழமைகளில் காப்பகத்தையும் பார்த்துக்கொண்ட டோரீனிடம் எடுத்துப் போய் நகலெடுக்கச் சொன்னான். அவள் இயந்திரத்தின் அருகிலேயே நின்று படித்து முடித்தாள்.

"கெட்டிக்காரி," என்றாள்.

ஜூன் முதல் செவ்வாய் ஆல்டன் இருபது நிமிடம் பேசினான். டை கட்டியிருந்தான். நாற்காலி, நண்பகல், மடியில் கை என்று ஒவ்வொன்றுக்கும் பக்க எண் சொன்னான். மிசஸ் வைட்டிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக் கதவு முதியவர்கூடக் கை தட்டினார். அவர் இன்னும் ஒத்திவைப்பில்தான் இருந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றார் ஸ்டர்ஜிஸ். "அந்தக் கணவர் திரும்பி வந்தாரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரும் அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கேட்டது பதிவில் உள்ள ஒரு விஷயம். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க ஆல்டனால் முடியாது.

"வரல. மூணு வருஷம் கழிச்சு அதே புத்தகத்துல அவங்களை விதவைன்னு எழுதியிருக்கு. நூத்தி நாப்பதாம் பக்கம்."

வாக்கெடுப்பு நடந்தது. ஐந்துக்கு ஐந்து. ஆணைய வரலாற்றில் இதற்கு முன் நடக்காதது. டோரீன் எழுந்து உத்தரவை வாசித்தாள்.

"ஒரு பெண். ஒரு மர நாற்காலி. முகம் கடலை நோக்கி. கணவர் இல்லாதிருக்கும் காலம் வரை செல்லுபடியாகும். கணவர் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் நாற்காலியை அகற்ற வேண்டும். தினமும் காலையில் எழுத்தர் வந்து சரிபார்ப்பார்."

கை குலுக்க எழுந்த ஆல்டன் பாதியில் நின்றான்.

"நான் அங்க இருக்கணுமே. பக்கத்துல. அதுக்குத்தானே இத்தனையும்."

"நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தா அவங்க யாருக்காகக் காத்திருக்காங்க?" என்றார் ஸ்டர்ஜிஸ்.

கேள்வி சரியாக இருப்பதாகவே ஆல்டனுக்கும் பட்டது.

"நான் கடலுக்கெல்லாம் போறவன் இல்லையே சார். எப்படி இல்லாம இருக்கறது?"

"அது உங்க சொந்த விஷயம். குடும்ப விவகாரத்துல ஆணையம் தலையிடறதில்ல," என்று ஸ்டர்ஜிஸ் அடுத்த கோப்பை எடுத்தார்.

*

வீட்டில் கொரின் கடைசிவரை கேட்டாள். நடுவில் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆக, நான் உட்காரலாம்."

"ஆமா."

"நீ வரக் கூடாது."

"வாபஸ் வாங்கிடறேன் கொரின். வேற ஊர் பாக்கறேன். நாளைக்கே."

"இவ்வளவு பாடுபட்டு வாங்கியிருக்க." அவள் உத்தரவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முத்திரை நன்றாக விழுந்திருந்தது. "ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. நீ பக்கத்துல இருந்தா வாயத் திறக்காம இருந்திருப்பியா?"

ஆல்டன் யோசித்தான். அலைக்கோடு, மூன்று காரணங்கள், மெஹிட்டபிள், நூற்று நாற்பதாம் பக்கம்.

"பத்து நிமிஷம்," என்றான்.

"பாத்தியா."

"பதினஞ்சு."

அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து நீச்சலுடையை எடுத்து உதறினாள். அது எட்டு வருடம் மடித்தபடியே இருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஆல்டன் அவளையும் மர நாற்காலியையும் வென்னகட்டில் இறக்கிவிட்டு, ஊர் எல்லையைத் தாண்டிப் பக்கத்து ஊர் மோட்டலில் அறை எடுத்தான். அந்த ஊருக்கு வரலாறு கிடையாது. வறுத்த மட்டிச் சிப்பிக் கடைகளும், நீச்சல் குளமும், குளத்தைச் சுற்றி நீல பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. ஆல்டன் ஒன்றில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் இருந்தான். கொரின் பார்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் போன் செய்தான்.

"எப்படி இருக்கு?"

"கால் தண்ணில இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கால் தண்ணில இருக்கு. டோரீன் வந்தா. புருஷன் வந்தாரான்னு கேட்டா. வரலைன்னேன். எழுதிக்கிட்டுப் போனா. திரும்பி வந்து அந்தப் பாறை மேல உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் என்கூடப் பேசிட்டுப் போனா."

திங்களன்று டோரீன் தனக்கே ஒரு விண்ணப்பம் போட்டாள். முன்னுதாரணம் இருந்ததால் விசாரணை தேவைப்படவில்லை. அன்று மத்தியானமே அவள் கணவன், பிளம்பர், தூங்கும் பையுடன் மோட்டலுக்கு வந்து சேர்ந்தான். செவ்வாயன்று மூன்று பேர். புதனன்று வெள்ளைக் கதவு முதியவர் வந்தார். அவர் மனைவிக்கு எண்பத்தொரு வயது. முதியவர் வந்த வேகத்தில் குளத்தில் குதித்தார்.

வியாழனன்று ஆல்டன் கண்ணைத் திறந்தபோது பக்கத்து நாற்காலியில் ஸ்டர்ஜிஸ் உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி.

"நீங்களுமா சார்?"

"என் மனைவி மனுப் போட்டுட்டா. எல்லாப் படிவமும் சரியா இருந்தது. மறுக்க வழியில்ல. நானே கையெழுத்துப் போட்டேன்."

"அவங்களும் ஒஹாயோதானே?"

"காத்திருக்கறதுக்கு ஊர் கிடையாதாம். மிசஸ் வைட்டிங் தீர்மானம் கொண்டுவந்தாங்க." அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அசைந்து உட்கார்ந்தார். "முதுகுக்கு இதமா இருக்கு, இல்ல?"

"ஆமா சார்."

"வெளிய சொல்லிடாதீங்க."

வெள்ளிக்கிழமை இருவரும் சுற்றுலாப் படகில் போனார்கள். ஸ்டர்ஜிஸ் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வென்னகட் கரை வந்ததும் படகுக்காரன் ஒலிபெருக்கியை எடுத்தான்.

"இடது பக்கம் பாருங்க. வென்னகட்டின் காத்திருக்கும் பெண்கள். முந்நூறு வருஷமா விடாம நடக்கற வழக்கம். புருஷன் கடல்லேர்ந்து வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. யாரும் கத்திக் கூப்பிடாதீங்க, ப்ளீஸ்."

பதினேழு மர நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பதினேழு ஜோடிக் கால்கள் தண்ணீரில். நடுவில் கொரின். அவள் என்னவோ சொன்னாள். வரிசை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. டோரீன் நாற்காலியோடு சாய்ந்து விழப் பார்த்தாள்.

"பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு போல," என்றாள் படகில் ஒருத்தி, படம் எடுத்தபடி.

கொரின் இப்படிச் சிரித்து ஆல்டன் பார்த்ததில்லை. உப்பளத்தில் இல்லை. கோட்டையில் நிச்சயமாக இல்லை. அவன் எழுந்து கையை ஆட்டினான்.

"கையை இறக்குங்க," என்று ஸ்டர்ஜிஸ் பல்லைக் கடித்தார். "அடையாளம் தெரிஞ்சா பதினேழு அனுமதியும் ரத்தாகும்."

ஆல்டன் இறக்கவில்லை. கொரின் கண்ணுக்கு மேல் கையைக் குவித்துப் படகை நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு டோரீன் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையசைத்தாள். டோரீன் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆல்டன் ஒன்பது மணிக்கே ஊர் எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தி, முன் இருக்கையைத் துடைத்து வைத்தான். வீடு போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தான். தேதிகள் எதுவும் இல்லை. அவளைச் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டே வருவது.

பத்தேகாலுக்குப் போன் வந்தது.

"ஆல்டன், எங்க இருக்க?"

"பலகைகிட்ட. நாற்காலியை நீ தூக்க வேண்டாம், யாரையாவது கொண்டுவரச் சொல்லு."

"அடுத்த வாரம் இந்த வீட்டுக்கு வரவேண்டியவங்க வரலையாம். அனுமதியை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கட்டுமான்னு டோரீன் கேட்டா."

ஆல்டன் காரின் முன் இருக்கையைப் பார்த்தான்.

"அதுக்கும் விசாரணை உண்டா?"

"இல்ல. ஒரே ஒரு கேள்விதான். புருஷன் வருவார்னு இன்னும் நம்பறீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

அலை ஒன்று வந்து போகும் சத்தம் போனில் கேட்டது. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள்.

"நம்பிக்கையை விடலைன்னு சொல்லிட்டேன்," என்றாள் கொரின்.